ஆரையம்பதியிலிருந்து ஆயிரம் பேர்: மட்டக்களப்பு பஸ் எங்கே ஆள் இழக்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்த்தது

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவு வரை எட்டுக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைத் தாண்டி, நாவற்குடா, கல்லடி என்று வந்து, பாலம் ஏறி வாவியைக் கடந்து, கோட்டைமுனை, பிறகு இன்னொரு பாலம், அப்புறம் தீவு. சுற்றிப் போக வழி உண்டு என்றாலும் வேலைக்குப் போகிறவர் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. தெற்கே இருப்பவர்கள் காலையில் கல்லடிப் பாலத்தால்தான் நகருக்குள் நுழைகிறார்கள். 1924இல் கட்டிய பழைய பாலம் ஒடுக்கமானது. ஒரு பக்கத்து வாகனம் நின்று மறுபக்கத்துக்கு வழி விட வேண்டியிருந்தது. 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. பாலம் அகலமானதில் பஸ்ஸை விட பைக்குக்குத்தான் லாபம் என்பது என் எண்ணம்.

கணினியில் விளையாட இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. கொழும்பு போல பத்துத் திசையிலிருந்து பத்துத் தெரு வருவதில்லை. ஒரே தெரு, ஒரே வாய். அதில் போகிற ஆயிரம் பேரைக் கணினிக்குள் உருவாக்கி, ஒவ்வொருவரும் காலையில் பஸ்ஸா, பைக்கா, சைக்கிளா என்று முடிவெடுக்க விட்டால் என்ன நடக்கும்? நான் பயன்படுத்தியது நெட்லோகோ. யூரி விலென்ஸ்கி 1999இல் வெளியிட்ட இலவச மென்பொருள். திரையில் குட்டிக் குட்டி உருவங்கள் நகரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி கொடுக்கலாம். கீழே வருகிற எண்கள் ஊரில் கணக்கெடுத்தவை அல்ல. நானே வைத்த அனுமானங்களும் அவற்றிலிருந்து வந்த விடைகளும்தான். யாரும் வேறு எண் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் நிமிடமாக்குதல்

முதலில் ஒருவர் மனத்துக்குள் நடக்கிற கணக்கை எழுத வேண்டும். போக்குவரத்துக்காரர்கள் செய்வது இது: காசு, நேரம், அலுப்பு எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். நான் நிமிடத்துக்கு மாற்றினேன். மாதம் 60,000 ரூபா சம்பளம், மாதம் 200 மணி நேர வேலை என்றால் மணிக்கு 300. வேலைக்குப் போய்வரும் நேரத்தை அதில் பாதியாக மதிப்பது வழக்கம். ஆக மணிக்கு 150, நிமிடத்துக்கு இரண்டரை ரூபா.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடமும் வெயிலில் நிற்கும் ஒரு நிமிடமும் ஒன்றல்ல. நடப்பதையும் காத்திருப்பதையும் இரண்டு மடங்காக எண்ணுவது பொதுவான பழக்கம். சித்திரை மாதத்தில் காத்தான்குடிச் சந்தியில் நின்றவர்கள் இரண்டு போதாது என்பார்கள். சரி, இரண்டிலேயே விடுகிறேன்.

பஸ்: வீட்டிலிருந்து தெருவுக்கு 6 நிமிட நடை, அது 12 ஆகிறது. 12 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு 6; இரட்டிப்பாக்கி 12. ஓட்டம் 25. இறங்கி 5 நிமிட நடை, 10. கட்டணம் 60 ரூபா, 24 நிமிடம். மொத்தம் 83.

பைக்: ஓட்டம் 18, நிறுத்திவிட்டு நடப்பது இரட்டிப்பாக்கி 4, லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்றும் லீற்றர் 300 ரூபா என்றும் எடுத்தால் 60 ரூபா பெற்றோல், அதாவது 24. மொத்தம் 46. டயரும் சேர்விசும் எங்கே என்று கேட்கலாம். காலையில் சாவி எடுக்கும்போது டயர் நினைவுக்கு வருகிறதா? வராததை மாதிரியில் போடக்கூடாது.

சைக்கிள் 32 நிமிடம். மூச்சு வாங்கி, வியர்வையில் நனைந்த சட்டையோடு கந்தோருக்குள் போகிற சங்கடம் எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு, 96. ஓட்டோவையும் போட்டுப் பார்த்தேன். தினமும் தனி ஓட்டோவில் போக 700 ரூபா என்றால் 280 நிமிடம் வருகிறது. கணக்கில் அது தானாகவே பூச்சியமாகிவிட்டது.

இந்த எண்களிலிருந்து யார் எதை எடுப்பார் என்று சொல்லும் சூத்திரம் லொஜிட். குறைந்த செலவுள்ள வழியை எல்லோரும் எடுப்பார்கள் என்று அது சொல்லாது. பெரும்பாலோர் எடுப்பார்கள் என்று சொல்லும். நான் வைத்த கூர்மை 0.05. அதாவது இரண்டு வழிக்கு இடையில் 20 நிமிட வித்தியாசம் இருந்தால், வசதியானதை எடுப்பவர்கள் மற்றதை எடுப்பவர்களைப் போல் 2.7 மடங்கு.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நல்ல பழைய கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி பார்ட் என்ற புது ரயில் வரவிருந்தது. பயணிகளில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்று அதிகாரபூர்வ மதிப்பீடு சொன்னது. டேனியல் மக்ஃபேடன் குழு லொஜிட்டை வைத்து 6.3 என்றது. ரயில் ஓடிய பிறகு வந்தது 6.2. மக்ஃபேடனுக்கு 2000இல் பொருளியல் நோபல் கிடைத்ததற்குப் பின்னால் இந்த வகை வேலைதான் இருக்கிறது.

சிவப்பு பஸ்ஸில் விழுந்த பிழை

பைக் உள்ளவர்களுக்கு முதல் ஓட்டத்தில் பஸ் பங்கு 22.5 சதவீதம் வந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. தேடிப் பார்த்தால், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்ற அரசின் சிவப்பு பஸ்ஸை ஒரு தெரிவாகவும் தனியார் பஸ்ஸை இன்னொரு தெரிவாகவும் எழுதியிருந்தேன். லொஜிட்டுக்கு அவை இரண்டும் ஒரே மாதிரியானவை என்று தெரியாது. பைக்குக்கும் சைக்கிளுக்கும் உள்ள தூரம்தான் சிவப்பு பஸ்ஸுக்கும் நீல பஸ்ஸுக்கும் என்று நினைத்து, பைக்கிடமிருந்து ஆட்களைப் பிடுங்கி இரண்டாவது பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பாடப்புத்தகங்களில் இந்தப் பிழைக்குப் பெயரே ‘சிவப்பு பஸ், நீல பஸ்’ என்பதுதான். எழுதியவர்கள் நம் நாட்டுக்கு வந்து பார்த்துவிட்டா எழுதினார்கள் என்று தோன்றியது.

இரண்டையும் ஒரே குடையின் கீழ் வைத்ததும் பைக் வைத்திருப்பவர்களில் பைக் 80.7, பஸ் 12.7, சைக்கிள் 6.6 என்று வந்தது. பைக் இல்லாதவர்களில் பஸ் 65.7, சைக்கிள் 34.3. ஒரு விதிவிலக்கை மட்டும் குடைக்கு வெளியே வைத்தேன். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பிள்ளைக்குத் தனியார் பஸ் பஸ்ஸே அல்ல. முன்னால் மூன்று போனாலும் சிவப்பு வரும்வரை அது நிற்கும்.

2022ஐ வைத்து ஒரு சோதனை

மாதிரி உண்மையோடு கொஞ்சமாவது ஒட்டுகிறதா என்று பார்க்க நமக்கு ஒரு கொடுமையான பரீட்சை ஏற்கெனவே நடந்திருக்கிறது: எரிபொருள் தட்டுப்பாடு. 2022 மே 24ஆம் தேதி 92 ஒக்டேன் பெற்றோல் 420 ரூபா ஆனது. ஜூன் 26ஆம் தேதி 470. ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்.

விலையை மட்டும் 470 ஆக்கிப் பார்த்தேன். பைக்கின் செலவு 13.6 நிமிடம்தான் ஏறியது. பைக் இன்னும் முதலிடத்தில். அப்புறம் வரிசையைச் சேர்த்தேன். 4 லீற்றருக்கு ஆறு மணி நேரம் நின்றதாக வைத்தால் 360 நிமிடம், நிற்பதென்பதால் 720. அந்த 4 லீற்றரில் எட்டுக் கிலோமீற்றர்ப் பயணம் 20 போகலாம். ஒரு பயணத்துக்கு 36 நிமிடம் கூடுகிறது. பைக் 46இலிருந்து 96க்கு ஏறி, சைக்கிளோடு சமமாக வந்து நின்றது. பஸ்ஸுக்கும் டீசல் இல்லாத காலம் என்பதால் அரை மணிக்கு ஒன்று என்றும் கட்டணம் 80 என்றும் வைத்தேன். விடை: பைக் 40, சைக்கிள் 40, பஸ் 20. வீட்டுப் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் தெருவுக்கு வந்த அந்த மாதங்களை நினைத்துக்கொண்டால் இந்த விடை அவ்வளவு தூரத்தில் இல்லை. மனிதர்களைப் பைக்கிலிருந்து இறக்கியதில் விலையை விட வரிசைக்குப் பெரிய பங்கு.

கியூஆர் வந்த பிறகு நடந்தது இன்னும் சுவையானது. 4 லீற்றர் என்றால் 160 கிலோமீற்றர். ஆரையம்பதிக்காரருக்கு ஐந்து நாள் போய்வர 80 போதும், மிச்சமும் இருக்கும். களுவாஞ்சிகுடியிலிருந்து வருகிறவருக்கு ஒரு வழிக்கு 25 கிலோமீற்றர் என்று எடுத்தால் மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஒரே பங்கீடு, ஒரே தெரு. ஒருவருக்கு அது தெரியவே இல்லை, மற்றவர் கிழமையில் இரண்டு நாள் பஸ்காரர் ஆனார்.

மாதிரி தோற்ற இடமும் இங்கேதான். 2022 முடிந்து பெற்றோல் சுலபமாகக் கிடைத்ததும் கணினி ஆட்கள் மறுநாளே பைக்குக்குத் திரும்பிவிட்டார்கள். நிஜத்தில் அப்படியில்லை. சிலர் மாதக்கணக்கில் சைக்கிளிலேயே போனார்கள். லொஜிட்டுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு நாளில் நூற்றில் ஐந்து பேர் மட்டுமே யோசிப்பார்கள், மற்றவர்கள் நேற்றுச் செய்ததையே செய்வார்கள் என்ற விதியைப் போட்டதும் திரும்பும் வேகம் மனிதர்களுடையது போல் ஆயிற்று.

பஸ் குறைவது எப்படி

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் சொந்த வாகனங்களுக்குத் திறந்தது. பைக் வாங்கக் காத்திருந்தவர்கள் வாங்கினால் என்ன ஆகும்? ஆயிரம் பேரில் 600 பேரிடம் பைக் உண்டு, 400 பேரிடம் இல்லை என்று தொடங்கினேன். பஸ்ஸில் 339 பேர் போனார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பத்துப் பதினைந்து கூடக் குறைய வரும்; இது சராசரி. அந்த 400இல் 200 பேருக்குப் பைக் வாங்கிக் கொடுத்தேன். பஸ் பயணிகள் 233 ஆனார்கள்.

இங்கே நிறுத்தினால் அது சாதாரணக் கணக்கு. ஆனால் தனியார் பஸ்காரர் ஆள் இல்லாத தடத்தில் பஸ் விடமாட்டார். ஆள் குறைந்த அளவுக்கு பஸ்ஸும் குறையும் என்று விதி போட்டேன். 12 நிமிட இடைவெளி பதினேழரை ஆனது. காத்திருக்க அலுத்தவர்கள் போக, 199 பேர். இடைவெளி 20க்கு மேல். 181. பிறகு 170, 162, 156. படியாகப் படியாக இறங்கிக்கொண்டே போனது, எங்கும் நிற்கவில்லை. விட்டால் பூச்சியம்.

நம் தெருவில் அது பூச்சியத்துக்குப் போகாது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பஸ்கள் எப்படியும் இந்த வழியால்தான் போகும். அதனால் இடைவெளி அரை மணிக்கு மேல் போகாது என்று ஓர் எல்லை போட்டேன். 132இல் நின்றது. 339இலிருந்து 132. இழந்த 207 பேரில் பைக் வாங்கியதால் நேரடியாகப் போனவர்கள் 106. பஸ் குறைந்ததால் போனவர்கள் 101. பாதிப் பேரைப் பைக் பறிக்கவில்லை, பஸ்ஸே துரத்தியது. ஹேர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் 1972இல் இதன் மறுபக்கத்தை எழுதினார்: ஆள் கூடினால் பஸ் கூடும், பஸ் கூடினால் காத்திருப்பு குறையும், அதனால் இன்னும் ஆள் வரும். அதே சக்கரம்தான் பின்னோக்கியும் சுற்றுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா

இவ்வளவும் ஆன பிறகு, பஸ்ஸை இலவசமாக்கினால் என்ன என்று ஓட்டினேன். கட்டணம் போனால் பஸ்ஸின் செலவு 59 நிமிடம். பைக் உள்ளவர்களிலேயே 32.5 சதவீதம் பேர் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். மூன்றில் ஒருவர்! பெருமையோடு பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் நகரில் ஆசிரியை. கணவருக்குப் புளியந்தீவில் கந்தோர் வேலை. மகள் அவர் படிப்பிக்கும் பள்ளியிலேயே படிக்கிறாள். வீட்டில் ஒரு பைக்.

“தம்பி, நீங்க பஸ்ஸையும் பைக்கையும் கணக்குப் பாக்கிறீங்க. நான் ஆரு எந்த நேரத்துக்கு ஆர ஏத்துற எண்டு கணக்குப் பாக்கிறன்” என்றார்.

“இலவசமா விட்டாலும் ஏறமாட்டீங்களாக்கா?”

“புள்ளையோட அந்த வெயிலுக்கயா? மூணு பேரும் ஒண்டாப் போய் இறங்கிற. அவர் கந்தோர் திறக்கிற வரைக்கும் தேத்தண்ணி குடிச்சிட்டு நிப்பார்.”

என் ஆயிரம் பேரும் தனி ஆட்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, மனைவி இல்லை. ஒவ்வொருவரும் தனியாக எழும்பித் தனியாகப் போனார்கள். ஊரில் அப்படி யார் போகிறார்கள்? முடிவெடுப்பது ஆள் அல்ல, வீடு. பழைய ஆட்களை ஒதுக்கிவிட்டு வீடுகளைச் செய்தேன்.

அக்காவின் வீட்டுக் காலை. பைக்கில் மூவரும்: தலைக்கு 22 நிமிடமாக 66, பெற்றோல் மூவருக்கும் சேர்த்தே 24. மொத்தம் 90. (ஒரு பைக்கில் மூவர் போவதைப் பற்றிப் பொலிசார் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை.) பஸ்ஸில்: தலைக்கு 59 நிமிடமாக 177, கட்டணம் 60, 60, பிள்ளைக்கு அரை டிக்கெட் 30, ஆக 150 ரூபா, 60 நிமிடம். மொத்தம் 237. இலவசமாக்கினாலும் 177. பழைய கூர்மையிலேயே ஓட்டினால் இலவச பஸ்ஸை எடுக்கும் இப்படியான வீடுகள் நூற்றுக்கு ஒன்று. மூவர் செலவைக் கூட்டும்போது கூர்மையை மூன்றால் வகுக்கத்தான் வேண்டும் என்று யாரும் வாதிடலாம், அதுவும் நியாயம். வகுத்தால் கட்டணத்தோடு 8 சதவீதம், இலவசமாக 19. எப்படிப் பார்த்தாலும் 32.5 இல்லை. பைக்கில் இரண்டாவது மூன்றாவது இருக்கைக்குக் காசு கிடையாது, பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கைக்கும் உண்டு. தனி ஆளை வைத்துச் செய்த மாதிரிக்கு இது ஒருபோதும் தெரியப்போவதில்லை.

காலை பஸ்ஸுக்கு இல்லை என்று கைகழுவிவிடலாம் என்றிருந்தபோதுதான் திரும்பி வரும் பயணத்தைப் பார்த்தேன். பள்ளி 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அரச கந்தோர் 8.30 முதல் 4.15 வரை. அக்காவும் மகளும் ஒன்றரைக்கு வெளியே நிற்கிறார்கள். பைக் கந்தோரில் நிற்கிறது. அண்ணன், அதாவது அக்காவின் கணவர், வந்து ஏற்றி வீட்டில் விட்டுத் திரும்பினால் அவருக்கு 36 நிமிடம், இவர்கள் இருவருக்கும் 44, போக வர 120 ரூபா பெற்றோல் என்று 48. மொத்தம் 128. 12 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் இருவருக்கும் பஸ்ஸில் 118 நிமிடமும் 90 ரூபாவும், ஆக 154. காலையில் 147 நிமிடமாக இருந்த வித்தியாசம் மதியம் 26 நிமிடமாகிவிட்டது.

கூர்மையை மூன்றால் வகுத்தே ஓட்டினேன். மதியத்தில் பஸ் இடைவெளி 25 நிமிடம் என்றால் 30 சதவீத வீடுகள் பஸ். 12 நிமிடம் என்றால் 39. ஆறு நிமிடம் என்றால் 44. காலை ஏழு மணிக்கு எத்தனை பஸ் விட்டாலும் அசையாத அதே வீடுகள்தான் இவை.

பஸ் சேவையைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் எல்லோரும் காலை நெரிசலைத்தான் பேசுகிறோம். கூடுதல் பஸ் கேட்டாலும் காலைக்கே கேட்கிறோம். என் கணினி வீடுகள் சொல்வதை நம்பினால், ஒரு பஸ் கூட இருந்தால் அதை மதியம் ஒன்றரைக்கு விட வேண்டும். காலையில் அந்த பஸ் பைக்கில் சும்மா கிடைக்கும் இருக்கையோடு போட்டி போடுகிறது. மதியத்தில் கந்தோரிலிருந்து ஒருவர் எழும்பி வரவேண்டிய அரை மணி நேரத்தோடு போட்டி போடுகிறது.

இந்த மாதிரியில் மழை இல்லை. கார்த்திகை, மார்கழியில் பைக்கில் மூவர் போவதன் கணக்கே வேறு. தனியார் வகுப்புக்கு மூன்று மணிக்குத் திரும்பவும் நகருக்குப் போகிற பிள்ளைகளும் இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, முன்பு பாதையில் (மிதவைப் படகில்) வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து பஸ் ஏறிய படுவான்கரை ஆட்கள், அதாவது வாவிக்கு மேற்கே இருப்பவர்கள், இப்போது பைக்கோடு நேரே வருவதும் மாதிரியில் இல்லை. இவற்றில் மழையைத்தான் முதலில் சேர்க்கப்போகிறேன்.

அதற்கு முன், நான் வைத்த 25 நிமிடம் சரிதானா என்று பார்க்க ஒரு கொப்பியோடு அந்தப் பள்ளிக்கு முன்னால் மதியம் போய் நின்றேன். முதல் நாள் ஒரு பஸ் 1.34க்குப் போனது. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தெருவைக் கடத்திவிட்டு அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது 1.41. அடுத்தது வருவதற்குள் அண்ணன் பைக்கில் வந்துவிட்டார்.